வேலை செய்பவர் கையில் கேமரா: படம் எடுத்து, பேசி, பணியிடத்தை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை, ஜவுளிக்கடை, தொண்டு நிறுவனம் என்று பல இடங்களில் இந்த முறையை நடத்தி வருகிறேன். எங்கே போனாலும் முதல் கூட்டத்தில் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்வதைவிட முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது என்ன முறை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வேலை செய்கிறவர்களிடமே கேமராவைக் கொடுக்கிறோம். ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதிலாகத் தங்கள் பணியிடத்தில் சில படங்கள் எடுத்துவரச் சொல்கிறோம். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் நடுவில் வைத்துப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் தெளிவாகிற விஷயங்களை, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் முன்னால், படம் எடுத்தவர்களே எடுத்துச் சொல்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

படம், பேச்சு, பதில். இந்த மூன்றில் பலரும் முதலாவதை மட்டுமே பெரிதாக நினைக்கிறார்கள். கடைசியில் ஒரு கண்காட்சி, ஒரு குழுப்படம், தேநீர், அதோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்தால் அது நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். மாற்றம் வருவது மூன்றாவதில். மூன்றாவது சரியாக நடக்க, இரண்டாவது பொறுமையாக நடக்க வேண்டும்.

யார் தொடங்கியது?

இதற்கு 'போட்டோவாய்ஸ்' என்று பெயர் வைத்து, முறையாக எழுதி வைத்தவர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவோடு நடந்த பெண்கள் நலத் திட்டத்துக்காக 62 கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்களுக்கு என்ன தேவை என்று அதிகாரிகள் ஊகித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்களே தங்கள் நாளைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

அதில் ஒரு படம் பலராலும் பேசப்பட்டது. ஒரு தாய் மக்காச்சோள வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். வரப்போரத்தில் அவள் கைக்குழந்தை தனியாகக் கிடக்கிறது. வெளியாள் பார்த்தால் 'கிராமத்துக் காட்சி' என்று கடந்துபோய்விடுவார். அந்தப் பெண்களுக்கோ அது ஒவ்வொருத்தியின் கதையும்கூட. விதைப்பு, அறுவடைக் காலத்தில் வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, தூசியிலும் மழையிலும் குழந்தையை வயலுக்குத் தூக்கிப் போகத்தான் வேண்டும். அந்த ஒரு படத்தைச் சுற்றி எழுந்த பேச்சு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கையாக அதிகாரிகளிடம் போனது.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் முயற்சியை நடத்தினார். அகர வரிசையில் அவர் தொடங்கவில்லை. அந்த மக்களின் அன்றாடத்தைக் காட்டும் ஓவியங்களை முன்னால் வைத்து, "இதில் என்ன நடக்கிறது?" என்று பேச வைத்தார். எழுத்து அதற்கப்புறம்தான்.

1973இல் பெரு நாட்டில் நடந்த எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் கேமராவும் சேர்ந்தது. நாடகக்காரர் அகுஸ்தோ போவால் அதில் வேலை செய்தார். மக்களிடம் கேமராவைக் கொடுத்து, கேள்விகளுக்குப் படத்தால் பதில் சொல்லச் சொன்னார்கள். 'சுரண்டல் என்றால் என்ன?' என்பது ஒரு கேள்வி. ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஓர் ஆணியைப் படமெடுத்து வந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற சிறுவர்களுக்கு உடனே புரிந்தது. அவர்கள் லிமா நகரத்தில் ஷூ பாலிஷ் போடும் பிள்ளைகள். வீடு தொலைவில், கனமான பெட்டியைத் தினமும் தூக்கிப்போக முடியாது. கடைக்காரர் தன் சுவரில் ஓர் ஆணியை அடித்து, பெட்டியை இரவு அதில் மாட்ட வாடகை வாங்குகிறார். அந்தப் பிள்ளைகளுக்குச் சுரண்டல் என்பது அந்த ஆணிதான்.

நான் போகிற ஒவ்வொரு இடத்திலும் இந்த ஆணிக் கதையைச் சொல்வேன். கேட்டவுடன் யாராவது ஒருவர் தன் கண்ணை அறையின் ஏதோ ஒரு மூலைக்குத் திருப்புவார். அங்கே அவருடைய ஆணி இருக்கிறது.

கிராமத்துக்கும் எழுத்தறிவுக்கும் உருவான முறை, நிறுவனத்துக்குப் பொருந்துமா?

பொருந்துகிறது. படத்தை வைத்துப் பேட்டி எடுப்பது ஆய்வாளர்களுக்குப் பழைய பழக்கம். கனடாவின் கடலோர மாகாணங்களில் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவோடு வேலை செய்த ஜான் காலியர், படம் காட்டி எடுத்த பேட்டியையும் வெறும் பேட்டியையும் ஒப்பிட்டு 1957இல் எழுதினார். படம் இருந்தால் ஆட்கள் களைப்பில்லாமல் நீண்ட நேரம், குறிப்பான விஷயங்களைப் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது.

பணியிடத்துக்குள் வந்தால், பிரிட்டனின் டேவிட் புக்கானன் ஒரு மருத்துவமனையின் மாற்றத் திட்டத்தில், நோயாளி கடந்துபோகும் பாதையைப் படங்களாக்கி ஊழியர்களோடு பேசினார். 2001இல் அது வெளியானது. சமந்தா வாரன் என்ற ஆய்வாளர் 'இங்கே வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள்' என்று ஊழியர்களிடமே கேமராவைக் கொடுத்தார். ஆலன் ராட்லி, டயான் டெய்லர் இருவரும் வார்டில் படுத்திருந்த நோயாளிகளிடமே கொடுத்தார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு மருத்துவமனை என்பது பெரும்பாலும் கூரையும் திரையும் கதவும்தான் என்பதை எத்தனை நிர்வாகிகள் யோசித்திருப்பார்கள்?

கேள்வித்தாள் கொடுத்தாலே ஊழியர் கருத்து தெரிந்துவிடுமே?

கேள்வித்தாளில் என்ன கேட்பது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. நிர்வாகத்துக்குத் தெரியாத பிரச்சினைக்கு அதில் கட்டம் இருக்காது.

ஒரு மருத்துவமனையில் நடந்தது. துப்புரவுப் பணியில் இருந்த ஓர் அக்கா எடுத்துவந்த படம்: இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டுத் திருப்பத்தில், ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஆள் யாரும் இல்லை. படத்தைப் பார்த்ததும் நர்சிங் கண்காணிப்பாளர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "படியில உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்."

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சாப்பாட்டு ரூம் கதவு எங்க கார்டுக்குத் திறக்காதுங்க மேடம்" என்றார்.

அறை அமைதியாகிவிட்டது. ஊழியர் சாப்பாட்டு அறை இருந்தது, நல்ல அறை, குளிர்சாதனம்கூட உண்டு. ஆனால் ஒப்பந்தப் பணியாளர்களின் அடையாள அட்டை அந்தக் கதவில் பதிவு செய்யப்படவே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அட்டை கொடுத்தது வேறு ஏஜென்சி, கதவு வைத்தது வேறு ஆள். சென்ற ஆண்டு எடுத்த ஊழியர் கருத்துக் கணிப்பில் 'உணவு அறை வசதி' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நல்ல மதிப்பெண்ணும் வந்திருக்கிறது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அந்தக் கேள்வித்தாளே போகவில்லை.

கதவைச் சரிசெய்ய ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த வாக்கியம் அந்த அறைக்குள் சொல்லப்படத்தான் அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எப்படி நடத்துவது? எங்கே தொடங்குவது?

கேமராவில் தொடங்காதீர்கள். முதலில் பதில் சொல்லப்போகிறவரைப் பிடியுங்கள். வாங் எழுதிய வழிமுறையிலும் முதல் படி இதுதான்: முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைக் கேட்கும் சபையாக முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது. நான் நிர்வாகத் தலைவரிடம் எழுத்தில் இரண்டு வாக்குறுதி வாங்குகிறேன். கடைசிக் கூட்டத்துக்கு அவரே வருவார், பிரதிநிதியை அனுப்ப மாட்டார். சொல்லப்படுகிற ஒவ்வொரு விஷயத்துக்கும் 'செய்கிறோம், இந்தத் தேதிக்குள்' அல்லது 'செய்ய முடியாது, காரணம் இது' என்று பதில் தருவார். இதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் நான் தொடங்குவதில்லை.

அப்புறம் குழு. ஏழிலிருந்து பத்துப் பேர் என்பது வாங் சொல்லும் அளவு, அனுபவத்திலும் அதுதான் சரியாக வருகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆட்களை ஹெச்.ஆர். தேர்ந்தெடுத்து அனுப்ப விடாதீர்கள். 'நன்றாகப் பேசக்கூடியவர்கள்' என்று ஒரு பட்டியல் வரும்; நமக்கு வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். இரவு ஷிஃப்ட், ஒப்பந்தத் தொழிலாளர், காவலாளி, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் என்று நாமே கேட்டு வாங்க வேண்டும்.

முதல் அமர்வில் யாரை, எதை, எப்படிப் படமெடுக்கலாம், கூடாது என்பதுதான் பேச்சு. கேமராவை இயக்குவது பத்து நிமிஷ வேலை. கேமரா கையில் வந்தவுடன் ஒருவருக்கு அதிகாரமும் வந்துவிடுகிறது என்பதைப் புரியவைக்கத்தான் ஒரு மணி நேரம் வேண்டும்.

பிறகு ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு. ஆளுக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வட்டத்துக்குக் கொண்டுவருவது மூன்றுதான். அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி யோசனை நடந்துவிடுகிறது.

படம் எடுக்க என்ன கேள்வி கொடுப்பது?

சின்னதாக, அவரவர் வேலையைத் தொடுவதாக இருக்கட்டும். 'நோயாளியை நன்றாகக் கவனிக்க உங்களுக்கு உதவுவது எது, குறுக்கே நிற்பது எது?', 'ஒரு நாளில் நீங்கள் எங்கே காத்திருக்கிறீர்கள்?', 'இங்கே யாரும் கவனிக்காத ஒன்று'. இந்த மூன்றாவது கேள்வி எனக்கு ஒருபோதும் ஏமாற்றம் தந்ததில்லை.

'நமது நிறுவனத்தின் பெருமை' போன்ற தலைப்பைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பத்துக் கோணத்தில் எடுத்து வருவார்கள்.

எனக்கும் என் குழுவில் இருப்பவர்களுக்கும் நன்றாகப் படமெடுக்கத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும். கலங்கிய படம், விரல் மறைத்த படம் எல்லாம் வேலைக்கு ஆகும். போன் இல்லாதவர்களுக்கு நிறுவனம் ஒன்றைக் கொடுக்கட்டும். அழகான படம் சில சமயம் தொந்தரவும்கூட. எல்லோரும் ஒளியைப் பாராட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

உரையாடலை எப்படி நடத்துவது? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால், அல்லது யாருமே பேசாவிட்டால்?

வாங் குழுவினர் ஐந்து கேள்விகளைப் பயன்படுத்தினார்கள். தமிழில் இப்படிக் கேட்கலாம்: இங்கே என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கும் நம் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இப்படி இருக்கிறது? என்ன செய்யலாம்?

வரிசை முக்கியம். நம் அலுவலகங்களில் முதல் கேள்வி முடிவதற்குள் ஐந்தாவதுக்குத் தாவிவிடுவார்கள். "ஒரு சுற்றறிக்கை விட்டுடலாம் சார்" என்று ஒருவர் சொல்வார், விஷயம் அங்கேயே செத்துவிடும். அதனால் முதல் கேள்வியில் வேண்டுமென்றே தாமதம் செய்கிறேன். படம் எடுத்தவர் பேசாமல் இருப்பார். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: 'ஒரு ஸ்டூல். அதன் மேல் அட்டைப் பெட்டிகள். பின்னால் கண்ணாடி.' 'அசுத்தம்', 'அலட்சியம்' என்றெல்லாம் சொன்னால், அது தெரிவதா, நினைப்பதா என்று கேட்பேன். எல்லோரும் சொன்ன பிறகுதான் எடுத்தவர் பேசுவார். மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதற்கும் அவர் என்ன பார்த்து எடுத்தார் என்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். மாற்றத்துக்கான பேச்சு முழுவதும் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

இயற்பியலாளர் டேவிட் போம் தன் பிற்காலத்தில் உரையாடல் பற்றி நிறைய யோசித்தவர். மனதில் எழும் தீர்ப்பை வெளியே கொட்டவும் வேண்டாம், உள்ளே அமுக்கவும் வேண்டாம், கொஞ்சம் நிறுத்திவைத்துப் பாருங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். வெறுமனே அறிவுரையாகச் சொன்னால் இதைச் செய்வது கடினம். நடுவில் ஒரு படம் இருந்தால் முடிகிறது, ஏனென்றால் கண்கள் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுப் படத்துக்குப் போகின்றன.

மேலே சொன்ன ஸ்டூல் ஒரு ஜவுளிக்கடையில் வந்த படம். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளம் 2018இலேயே செய்தது. இந்தக் கடையிலும் சட்டப்படி ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்கள். படத்தில் அதன் மேல் சேலைப் பெட்டிகள்.

ஃப்ளோர் மேனேஜர் அதைப் பார்த்து, பெட்டியை அங்கே வைத்தது யார் என்றுதான் கேட்டார். படமெடுத்த பெண், "நாங்கதான் சார் வெச்சோம்" என்றாள். ஏன் என்று கேட்டபோது உடனே பதில் வரவில்லை. அந்த மௌனத்தை நான் கலைக்கவில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. கடைசியில் பக்கத்துக் கவுண்டர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "சும்மா இருந்தா உக்காரணும்னு தோணும் சார். உக்காந்தா கேமரால தெரியும். 'சேல்ஸ் இல்லையா'ன்னு மேல இருந்து போன் வரும். அதுக்கு ஸ்டூல்ல பெட்டி இருந்தா நிம்மதி."

இதைக் கேட்ட மேனேஜர் கோபப்படவில்லை. அப்படி ஒரு போன் தனக்கும் வரும் என்று சொன்னார். அதுவரை மேனேஜருக்கும் ஊழியருக்கும் நடுவில் இருந்த வழக்கு அதோடு வேறு ஒன்றாகிவிட்டது. ஏன் இப்படி இருக்கிறது என்ற நான்காவது கேள்விக்கு உண்மையான பதில் அப்போதுதான் தொடங்கியது. பதில் சொல்ல வேண்டியவர் அந்த மாடியில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இறுதிக் கூட்டத்தில் முதலாளி முன்னால் அந்தப் படத்தை வைத்தது அந்தப் பெண்ணும் மேனேஜரும் சேர்ந்து.

மேலாளர்களும் அதே வட்டத்தில் இருக்கலாமா?

முதல் சுற்றில் வேண்டாம். சூப்பர்வைசர் இருக்கிற அறையில் நம் ஊர் ஆட்கள் உண்மையைப் பேச மாட்டார்கள். பேசச் சொல்லி வற்புறுத்துவதும் நியாயமில்லை. ஊழியர்கள் தனிக் குழு, மேலாளர்கள் தனிக் குழு. ஆனால் மேலாளர்களும் கட்டாயம் படமெடுக்க வேண்டும், அதே கேள்விக்கு. வார்டு சிஸ்டர் எடுக்கும் படமும் அட்டெண்டர் எடுக்கும் படமும் ஒரே தாழ்வாரத்தைக் காட்டலாம், இரண்டும் வேறு இடம்போல இருக்கும். இரண்டாம் சுற்றில் சேர்ந்து உட்காருங்கள். எதை அங்கே காட்டுவது என்பதை ஊழியர் குழுவே முடிவு செய்யட்டும். மேலே சொன்ன டிபன் பாக்ஸ், ஸ்டூல் இரண்டும் அப்படி இரண்டாம் சுற்றில் வந்தவைதான்.

படம் எடுத்ததால் யாருக்காவது வேலை போய்விட்டால்?

எல்லாக் கேள்விகளிலும் எனக்குத் தூக்கம் கெடுப்பது இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் நகரத்தில் இந்த முறையை நடத்திய அனுபவத்திலிருந்து கரோலின் வாங், யானிக் ரெட்வுட்-ஜோன்ஸ் இருவரும் 2001இல் இதன் அறம் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். மூன்று ஒப்புதல்களைப் பிரித்துச் சொன்னார்கள்: பங்கேற்பவரின் ஒப்புதல், படத்தில் வருகிறவரின் ஒப்புதல், படத்தை வெளியே காட்ட ஒப்புதல். முதலாவது கொடுத்ததால் மூன்றாவது கொடுத்ததாக ஆகாது.

இதோடு நான் வைத்திருக்கும் விதிகள் சில. முகம் தெரியும் படம் வேண்டாம். கை, பொருள், இடம் போதும். நோயாளி, குழந்தை, வாடிக்கையாளர், கணினித் திரையில் பெயர்ப் பட்டியல், மருந்துச் சீட்டு எதுவும் படத்தில் வரக் கூடாது. 2023இல் இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் இது மரியாதை. செல்போன் படத்தின் கோப்புக்குள் நேரமும் சில சமயம் இடமும் பதிவாகியிருக்கும். யார் எந்த ஷிஃப்ட்டில் எடுத்தார் என்று அதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அதை நீக்கிவிட்டுத்தான் வெளியே காட்டுகிறோம். வாட்ஸ்அப் குழு கூடவே கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் சமரசமில்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபார்வர்டு போதும், மூன்று வாரத்தில் கட்டிய நம்பிக்கை அன்று இரவே போய்விடும்.

இறுதிக் கூட்டத்தில் படங்கள் குழுவின் பெயரில் வரும், தனி ஆள் பெயரில் வராது. எடுத்தவர் தானாக முன்வந்து 'என் படம்' என்று சொன்னால் மட்டும் பெயர். டிபன் பாக்ஸைப் படமெடுத்த அந்த அக்கா அப்படிச் சொன்னவர்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார், வீட்டில் கலந்து பேசினார். அந்த இரண்டு நாளை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

எல்லோரும் குறைகளையே எடுத்து வந்தால் மனச்சோர்வு ஆகிவிடாதா?

ஆவதில்லை. குறையைப் படமெடுப்பவர் அந்த இடத்தின் மேல் இன்னும் அக்கறையோடு இருக்கிறார். எதிர்மாறாக எல்லோரும் சூரிய உதயம், ரோஜாப்பூ, கோலம் என்று எடுத்து வந்தால்தான் எனக்குக் கவலை. அப்போது அவர்கள் எதைப் பற்றிப் பயப்படுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்பேன். சில சமயம் பூவுக்குள்ளேயே பதில் இருக்கும்: 'இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்' என்று ஒருவர் சொல்வார்.

நாங்களே படமெடுக்காமல், தயாராக இருக்கும் படங்களை வைத்துப் பேசலாமா?

பேசலாம். பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1965இலேயே 'ஃபோட்டோலாங்காஜ்' என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். மேசை மேல் படங்களைப் பரப்பி, கேள்விக்குப் பொருந்துவதை ஆளுக்கொன்று தேர்ந்தெடுத்துப் பேசுவது. இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணையும்போது, தலைமை மாறும்போது, ஒரு மரணத்துக்குப் பிறகு, ஆட்கள் உள்ளுக்குள் என்ன உணர்கிறார்கள் என்று பேச இது நன்றாக உதவுகிறது. ஆனால் கதவு திறக்காத அட்டையை அந்தப் படக்கட்டு காட்டித் தராது. ஏஐ வரைந்த படங்களுக்கும் இதே பதில். இங்கே நமக்கு வேண்டியது அங்கே நிஜமாக இருக்கிற ஸ்டூல்.

எவ்வளவு நாள், எவ்வளவு செலவு?

ஆறிலிருந்து எட்டு வாரம். இரண்டு மணி நேர அமர்வு நான்கோ ஐந்தோ. பணச் செலவு குறைவு: அச்சிட்ட படங்கள், தேநீர், ஓர் அறை. பெரிய செலவு நேரம்தான். அமர்வுகள் வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவரை உட்காரவைத்து 'உங்கள் குரல் முக்கியம்' என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

படத்தைத் திரையில் போட வேண்டாம், தாளில் அச்சிடுங்கள். கையில் வாங்கிப் பார்த்து, பக்கத்தில் நகர்த்தும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.

மாற்றம் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள், அதே இடத்தில் நின்று, அதே படத்தை மறுபடி எடுக்கிறார்கள். கோவை, ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 'ஃபைவ் எஸ்' முறையின் பலகையில் 'முன்', 'பின்' என்று படம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான், ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே 'பின்' படத்தை எடுப்பவர் வேலையை முடித்துக் காட்ட வேண்டிய பொறியாளர், இங்கே எடுப்பவர் அந்த இடத்தில் தினமும் நிற்கிறவர்.

ஜவுளிக்கடையில் மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் ஸ்டூல் மேல் பெட்டி இல்லை. ஆளும் இல்லை. "இப்ப உக்காரலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா முதல்ல யார் உக்காருறதுன்னு எல்லாரும் பாத்துட்டிருக்கோம்" என்றாள் அந்தப் பெண். இதைத் தோல்வி என்று எழுதலாமா, வெற்றி என்று எழுதலாமா? நான் அறிக்கையில் அவள் சொன்னதையே எழுதினேன். அடுத்த வாரம் மேனேஜர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எப்போது இதைச் செய்யவே கூடாது?

ஆட்குறைப்பு ஏற்கெனவே முடிவாகிவிட்ட இடத்தில் கூடாது. ஊழியர்களைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்று சொல்ல ஒரு சாட்சிக்காக நம்மைக் கூப்பிடுவார்கள். தொழிற்சங்கத்தோடு பேச மறுத்துவிட்டு அதற்கு மாற்றாக இதை வைக்க நினைக்கும் இடத்திலும் கூடாது. சங்கம் இருந்தால் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாலியல் தொந்தரவு, விபத்து, முறைகேடு போன்றவற்றுக்கு உரிய விசாரணைக் குழுதான் வழி; வட்டத்தில் அப்படி ஒன்று எழுந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி, அந்த நபரோடு தனியாகப் பேசி, அவர் விருப்பப்படி உரிய இடத்துக்குக் கொண்டுபோக உதவ வேண்டும். அப்புறம், பரிசுப் போட்டியாக மாற்றாதீர்கள். முதல் பரிசு என்று சொன்ன நிமிஷத்தில் எல்லோரும் நடுவரைப் பார்த்துப் படமெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முடிந்த பிறகு படங்கள் யாருக்குச் சொந்தம்?

இதைத் தொடங்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆக்கியோர். ஆனால் வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலை நேரத்தில் எடுத்த படம் எந்தப் பக்கம் விழும் என்று பின்னால் வாதாடுவதைவிட, 'படம் எடுத்தவருக்கே சொந்தம். நிறுவனம் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும்' என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது நல்லது. விளம்பரத்துக்கும் ஆண்டறிக்கைக்கும் தனி அனுமதி என்று குறிப்பிடுங்கள்.

அந்த மருத்துவமனையில் டிபன் பாக்ஸ் படத்தைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு அறையில் மாட்ட ஆசைப்பட்டார்கள். ஒப்பந்தப்படி அக்காவிடம் கேட்டோம். வேண்டாம் என்றார். எங்களிடம் இருந்த அச்சுப் பிரதியை வாங்கி, தாளில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டார். "என் பொண்ணு பாக்கணும்னு சொன்னா" என்றார்.